ரைபிள் ஸ்டாக்குக்கு டூ-கே மேட் ஸ்ப்ரே: தாங்குகிறதா?

கார் பாடி வேலைக்குத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் கிடைக்கும் டூ-கே (ஹார்ட்னர் என்ற இறுக்கும் பொருளோடு இரண்டு பாகமாக வரும்) பாலியூரிதேன் மேட் கிளியரை, அதாவது பளபளக்காத நிறமற்ற மேல்பூச்சைத்தான், என் .308 ரைபிளின் ஃபைபர்கிளாஸ் ஸ்டாக்கில் (தோளில் அணைத்துப் பிடிக்கும் பகுதி), ஆலிவ் பச்சைக்கு மேல் அடித்தேன். ஒரு குளிர்கால வேட்டை சீசன் முழுக்க பக்கியின் (பிக்கப் வண்டியின்) பின்பக்கத்தில் உருண்டு, முள்மரத்தில் உரசியும் உரியவில்லை.

முன்பு அடித்திருந்த சாதாரண அக்ரிலிக் ஸ்ப்ரே வேறு கதை. உண்ணிக்கும் கொசுவுக்கும் பூசுகிற டீட் மருந்து கையில் இருந்தால் போதும், பெயின்ட் இளகிப் பிசுபிசுத்துவிடும். கடைக்காரர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. டூ-கேயில் ஹார்ட்னர் கலந்து வேதிவினையில் இறுகுவதால் கரைப்பான்களை நன்றாகவே தாங்குகிறது.

ஆனால் பெயின்டைவிட அடித்தளம்தான் முக்கியம். அச்சிலிருந்து எடுக்கப் பூசிய மெழுகு ஸ்டாக்கில் ஒட்டியிருக்கும். அதைக் கழுவி, 320 உப்புத்தாளில் மங்கலாக்கி, அப்புறம் மெல்லிய கோட்டுகளாக அடிக்க வேண்டும். ஸ்டாக் பாலிபுரொப்பிலீன் என்றால் அதற்கென்று உள்ள பிளாஸ்டிக் பிரைமர் இல்லாமல் எதுவும் ஒட்டாது. துப்பாக்கிகளுக்கு அடிக்கும் செராமிக் பூச்சான செராகோட் இதைவிடக் கெட்டிதான், சரி. ஆனால் அடுப்பில் சுடுகிற வகைக்கு ஸ்டாக் எவ்வளவு சூடு தாங்கும் என்று பார்க்க வேண்டும்.

ஹார்ட்னரில் நுரையீரலுக்குக் கெடுதலான ஐசோசயனேட் இருக்கிறது. தூசி மாஸ்க் போதாது, ஆவி வடிகட்டும் மாஸ்க் போட்டு வெளியில் நின்று அடியுங்கள். ஹார்ட்னரைக் கலக்க ஸ்ப்ரே டப்பாவின் அடியில் உள்ள குமிழை அழுத்திவிட்டால், அடிக்காத மீதி டப்பாவுக்குள்ளேயே இறுகிவிடும். மச்சானின் ஸ்டாக்கையும் சேர்த்து அடித்துவிட்டால் காசு வீணாகாது.