டெட்-எட் வீடியோக்கள்: சத்தத்தை நிறுத்திவிட்டுப் போட்டால் நல்ல சாமான்

விடிய பிரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் கொடுக்கப் போய், கொழுந்து நிறுத்து, வீட்டுச் சமையலையும் முடித்துவிட்டு வருகிறவர்கள்தான் மலையகத் தேயிலைத் தோட்டத்துப் பின்னேர வகுப்பில் உட்காருகிறார்கள். அரை மணித்தியால வீடியோ போட்டால் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள், அதில் பிழையும் இல்லை. அதனால்தான் நான்கைந்து நிமிடத்தில் முடிகிற டெட்-எட் என்ற அசைபடப் பாட வீடியோக்களைப் பல வகுப்புகளில் போட்டுப் பார்க்கிறார்கள். 2012இல் தொடங்கிய சேவை இது. வரலாறு, விஞ்ஞானம் இரண்டிலும் ஏராளமாக இருக்கிறது, யூடியூபில் இலவசம். அவர்களது இணையத்தளத்தில் ஒவ்வொரு வீடியோவோடும் கேள்விகளும் மேலதிக வாசிப்பும் வரும். அவை ஆங்கிலத்தில், பாடசாலைப் பிள்ளைகளை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

முதல் சிக்கல் மொழி. சொல்லுகிறவர் ஆங்கிலத்தில், அதுவும் வேகமாகச் சொல்லுகிறார். தமிழ் வசனவரி சில வீடியோக்களுக்குத்தான் உண்டு. இருந்தாலும் ஐந்தாம் ஆண்டோடு நின்றவர் ஒரு வரியை வாசித்து முடிக்குமுன் அடுத்த வரி வந்துவிடும். எழுத்தைத் துரத்துகிற கண்ணுக்குப் படம் தெரியாது. இந்த வீடியோக்களில் விஷயமே படத்தில்தான். யூடியூபின் தானியங்கி மொழிபெயர்ப்பை நம்பி வகுப்பில் போடாதீர்கள், விஞ்ஞானச் சொற்களில் அது தடுமாறும்.

ஒழுங்காக வேலை செய்கிற வழி ஒன்றுதான்: சத்தத்தை முழுதாக நிறுத்திவிட்டு ஆசிரியர் தமிழில் சொல்லுவது. ஆங்கிலத்தில் சொல்லப்படுகிற எல்லாவற்றையும் சொல்ல முயன்றால் மூச்சு வாங்கும். முதல் நாளே இரண்டு தடவை பார்த்து, பத்துப் பன்னிரண்டு வசனம் எழுதிக்கொள்ளுங்கள். நிறுத்த வேண்டிய இடம் நான்குக்கு மேல் வேண்டாம். வேகத்தை 0.75க்குக் குறையுங்கள், சத்தம் இல்லாதபோது அது யாருக்கும் உறுத்தாது. வகுப்பில் முதலில் ஒரு தடவை பேச்சே இல்லாமல் ஓடவிட்டு "என்ன கண்டீங்க?" என்று மட்டும் கேளுங்கள். விளக்கமும் நிறுத்தமும் இரண்டாவது ஓட்டத்தில். முதல் ஓட்டத்தைத் தவிர்த்தால் ஆசிரியர் மட்டும் பேசுகிற வகுப்பாகிவிடும்.

தேயிலையின் வரலாறு பற்றிய அவர்களது வீடியோவை எடுத்துக்கொள்வோம். எழுபத்திரண்டு தடவை நஞ்சு தின்ற, சீனப் பழங்கதையில் வருகிற உழவர் சென்நோங்கின் வாயில் இலை விழுந்த கதையில் தொடங்கி, அபினி யுத்தம், 1842இல் ஹொங்கொங் கைமாறியது, பிரித்தானியத் தாவரவியலாளர் ரொபர்ட் ஃபோர்ச்சூன் வேடமிட்டுச் சீன மலைகளுக்குள் புகுந்து தேயிலைக் கன்றுகளையும் தொழில் தெரிந்தவர்களையும் டார்ஜிலிங்குக்குக் கடத்தியது என்று ஐந்து நிமிடத்துக்குள் கொண்டுவந்து விடுகிறார்கள். படங்கள் அருமை. ஆனால் இலங்கையின் பெயரே வராது. கொழுந்து பறிக்கிறவர்களுக்கு முன்னால் இதைப் போட்டுவிட்டு அப்படியே நிறுத்தினால் அந்த வகுப்புக்கு அர்த்தமில்லை. டார்ஜிலிங் வந்ததும் படத்தை நிறுத்தி, சுவரில் ஒரு வரைபடம் மாட்டி, மிச்சத்தை நீங்கள்தான் சொல்ல வேண்டும்: தேயிலைக்கு முன்பே கோப்பிக்காகத் தென்னிந்தியாவிலிருந்து ஆட்கள் வந்தது, ஸ்கொட்லாந்துக்காரர் ஜேம்ஸ் டெயிலர் 1867இல் கண்டிப் பக்கத்து லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டது, 1869இல் கோப்பி இலையில் துருநோய் கண்டது. வீடியோவுக்கு ஐந்து நிமிடம் என்றால் இதற்கு இருபது நிமிடம் ஒதுக்குங்கள். பேச்சு தோட்டத்து மக்களை நாடற்றவர்களாக்கிய 1948 பிரஜாவுரிமைச் சட்டத்துக்கும், அவர்களை இலங்கைக்கும் இந்தியாவுக்கும் பங்கிட்ட 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்கும் தானாகவே வந்து சேரும். அப்போது யாருடைய வீட்டுப் பத்திரத்தையும் சபையில் கொண்டுவரச் சொல்லாதீர்கள். யாருக்கு எப்போது பிரஜாவுரிமை கிடைத்தது என்பது பல வீடுகளில் இன்னும் ஆறாத விஷயம்.

விஞ்ஞானத்தில் இந்தக் குறை குறைவு, ஏனென்றால் சோதனைப் பொருள் வகுப்பிலிருப்பவர்களின் குசினியிலேயே இருக்கிறது. காற்றழுத்தம், கொதிநிலை பற்றிய எந்த வீடியோவானாலும் போடுமுன், கொழும்பில் வேலைக்கு நின்று வந்தவரிடம் பருப்பு எங்கே சீக்கிரம் வேகிறது என்று கேளுங்கள். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், அங்கே காற்றழுத்தம் குறைவு, அதனால் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். நெருப்பை எவ்வளவு கூட்டினாலும் திறந்த சட்டியில் சூடு அதற்கு மேல் ஏறாது, அதுதான் பருப்பு சுணங்குகிறது. பிரஷர் குக்கரின் மூடியும் வெயிட்டும் அந்த அழுத்தத்தைத் திருப்பிக் கொடுக்கின்றன. இதைக் கேட்ட பிறகு வீடியோவில் துள்ளுகிற மூலக்கூறுகளை எல்லாரும் உன்னிப்பாகப் பார்ப்பார்கள்.

மண்சரிவுக்கு மட்டும் வீடியோவை நம்பாமல் கையால் செய்யுங்கள். ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தலின் மேல் வளைவை வெட்டி, புனலாகத் தலைகீழாய்ச் செருகுங்கள். அடிப்பாகம் மேடுபள்ளமாக இருக்கும். அதைச் சிறு கல்லும் தண்ணீரும் போட்டு நேரான பகுதி வரை நிரப்பி, அங்கே பூச்சியக் கோடு கீறி, அடிமட்டத்தை ஒட்டினால் மழைமானி. கூரைத் தண்ணீர் விழாத, மர நிழல் படாத வெளியில் வைக்க வேண்டும். பலர் லயத்து இறவாரத்தின் கீழே வைத்துவிட்டு அளவு கூடுகிறதே என்று குழம்புவார்கள். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை எல்லைகளை அதிலேயே எழுதிவிடுங்கள்: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பு, 100 என்றால் ஆயத்தம், 150 என்றால் வெளியேற்றம். மணித்தியாலத்துக்கு 75 கொட்டினாலும் வெளியேற வேண்டியதுதான். சரிவில் புது வெடிப்போ கலங்கிய ஊற்றோ கண்டால் மானியைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள்.

இனிச் சாமான். சிக்னல் ஒரு கோடு விழுகிற இடத்தில் வீடியோவை முன்பே திறந்து நிறுத்தி வைத்தால் முழுதாக ஏறியிருக்கும் என்று நினைக்க வேண்டாம். யூடியூப் கொஞ்ச தூரம்தான் முன்னால் இழுத்து வைக்கும். செயலியில் டவுன்லோட் பொத்தான் வருகிறவற்றை டவுனுக்குப் போகும்போது இறக்கிக்கொள்ளுங்கள். 480பி தரத்தில் ஒன்று பெரும்பாலும் 30 எம்பிக்குள் அடங்கும். அப்படிச் சேமித்த வீடியோவும் இடையிடையே இணையத்தைக் காணாவிட்டால் ஓட மறுக்கும், ஆகவே வகுப்பன்று காலையில் ஒரு தடவை இணைத்துப் பாருங்கள். மலிவான சின்ன மல்டிமீடியா புரொஜெக்டர், திரைச்சீலை இல்லாத வாசிகசாலையில் ஐந்து மணி வெளிச்சத்துக்கே வெளிறிவிடும். இருபது பேருக்குள் என்றால் 32 அங்குல டிவியும் எச்டிஎம்ஐ வயரும் மேல். சத்தம் தேவையில்லாததால் ஒலிபெருக்கிச் செலவு மிச்சம். கரண்ட் போனால் மடிக்கணினியைச் சுற்றி உட்கார்ந்து முடித்துக்கொள்ளலாம், மின்கலம் நிரம்பியிருந்தால்.

இதேபோல் பேர்பெற்ற கிராஷ் கோர்ஸ் இந்த வேலைக்கு ஒத்துவராது. பத்து நிமிடத்துக்கு மேல் ஒருவர் கமராவைப் பார்த்து மூச்சுவிடாமல் பேசுகிறார், சத்தத்தை நிறுத்தினால் மிஞ்சுவது முகம்தான். கான் அகாடமி, சாதாரண தரப் பரீட்சையைத் திரும்ப எழுதுகிற இளசுகளுக்குப் பொருந்தும், ஆங்கிலம் ஓரளவு ஓடினால். கணக்கைப் படிப்படியாக எழுதிக் காட்டுவதை நிறுத்தி நிறுத்திக் கொப்பியில் போட்டுக்கொள்ளலாம். பரீட்சை எதுவும் இல்லாமல், தெரிந்துகொள்ள மட்டும் வருகிற பெரியவர்களுக்கு டெட்-எட்தான், வாரத்துக்கு ஒன்று.