கொங்கண் கடற்கரையில் இரண்டு இரவு: வாடி வீடா, எம்.டி.டி.சி.யா, வில்லாவா?

மும்பை வட்டாரத்தில் மாட்டுங்கா, செம்பூர், டோம்பிவிலி பக்கத்திலிருந்து தாத்தா பாட்டி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் சகிதம் கொங்கணுக்குக் கிளம்பும் குடும்பங்கள் முதலில் தேடுவது கடல் தெரியும் அறை. தேடலை அங்கே ஆரம்பிக்காதீர்கள். கிராமக் கடலோரத்தில் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் புதுக் கட்டடம் எழுப்பக் கூடாது என்பது கடலோர ஒழுங்குமுறை மண்டல விதியில் நெடுநாளாக இருப்பது. மக்கள் நெருக்கமான ஊர்களுக்கு மட்டும் 2019இல் அதைத் தளர்த்தினார்கள். ஆகவே மணலை ஒட்டி முறையாக நிற்பவை பெரும்பாலும் பழைய ஊர் வீடுகளும் சில அரசு விடுதிகளும்தான். மற்ற இடங்களில் 'சீ வியூ' என்றால், மாடியில் நின்று எட்டிப் பார்க்கையில் சவுக்குத் தோப்புக்கு நடுவே தெரியும் நீலக் கீற்று.

அந்தக் கடலும் எப்போதும் கிட்டத்தில் இருக்காது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ராய்கட் கரையில் நண்பகல் வாக்கில் நீர் ஏறி, சாயங்காலம் ஆறு மணி வாக்கில் வெகுதூரம் உள்வாங்கிவிடும். அஷ்டமி பக்கம் கிட்டத்தட்ட தலைகீழ். தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். தெற்கே ரத்னகிரி, மால்வண் போகப் போக ஏற்ற இறக்கம் குறைவு. பிள்ளைகள் மாலையில் அலையில் நிற்க வேண்டுமென்றால் அறையின் படத்தைப் பார்க்கும் முன் காலண்டரில் திதியைப் பாருங்கள்.

இனி தங்குமிடங்கள். வாடி என்பது பாக்கு, தென்னைத் தோப்போடு கூடிய வீடு. திவேஆகர், ஸ்ரீவர்தன், ஆஞ்சர்லே, குஹாகர் ஆகிய ஊர்களில் வீட்டுக்காரர்களே பின்கட்டில் இரண்டு மூன்று அறை கட்டி வாடகைக்கு விடுகிறார்கள். வயதானவர்கள் உடன் வந்தால் நம் ஓட்டு இதற்குத்தான். தரைத்தள அறை, வாசல்வரை கார், வீட்டுச் சமையல். திவேஆகர் போன்ற ஊர்களில் பல வீடுகளில் சுத்த சைவம்; வெங்காயம் பூண்டு வேண்டாம் என்றாலும் முன்கூட்டிச் சொன்னால் செய்து தருவார்கள். அங்கே மீனும் மதுவும் உள்ளே வராது, அதை வாசலில் போய்த் தெரிந்துகொள்ளாதீர்கள். மால்வண், தார்கர்லி பக்கம் கதை வேறு. வீட்டுச் சமையல் என்றாலே சுர்மை (வஞ்சிரம்), பாங்டா (அயிலை) மீன்கள். சைவத்துக்குத் தனிப் பாத்திரம் உண்டா என்று கேட்டுவிட வேண்டும்.

வாடி வீட்டில் சாப்பாடு ஆர்டர் கணக்கு. ராத்திரிச் சாப்பாட்டை மதியத்துக்குள், உக்டிசே மோதக்கை முந்தின நாளே சொல்லிவிட வேண்டும். அரிசி மாவு கிண்டி, கையால் மடிப்பு எடுத்து வேகவைப்பது என்பதால் கடைசி நேரத்தில் கேட்டால் கிடைக்காது. காலையில் அம்போளியோ காவணேயோ வரும், தோசைக்கு ஏங்கும் பிள்ளைகள் சமாதானமாகிவிடுவார்கள். காப்பிதான் சிக்கல். ஃபில்டரும் பொடியும் எடுத்துப் போங்கள், பாலை அவர்கள் காய்ச்சித் தருவார்கள்.

போனில் கேட்க வேண்டியவை நான்கு. குளிக்கிற தண்ணீர் மீட்டாவா (நல்ல தண்ணீரா), காராவா (உப்புத் தண்ணீரா)? கடலுக்கு நெருங்கிய கிணறு, போர்வெல்லில் கோடை முற்றும்போது உப்பேறும். சோப்பு நுரைக்காது, தலைமுடி கயிறாகிவிடும். அடுத்தது கரண்ட். 'பேக்கப் இருக்கு' என்றால் பெரும்பாலும் இன்வெர்ட்டர். அதில் ஃபேனும் விளக்கும் சில மணி நேரம் ஓடும், ஏ.சி. ஓடாது. மே மாதப் புழுக்கத்தில் இந்த வித்தியாசம் ராத்தூக்கத்தையே கெடுக்கும். மூன்றாவது, வெஸ்டர்ன் டாய்லெட் அறைக்குள்ளேயா, முற்றம் தாண்டியா? நான்காவது, வெந்நீர் கீசரா, 'பம்ப்' எனும் விறகுக் கொதிகலனா? பம்ப் என்றால் காலையில் வரிசைதான். தோப்பு நிழலுக்காகப் போகிறவர்கள் சமீபத்துப் படத்தை வாட்ஸ்அப்பில் கேட்டு வாங்குங்கள். 2020 ஜூன் 3 அன்று வீசிய நிசர்கா புயல் திவேஆகர், ஸ்ரீவர்தன் பாக்குத் தோப்புகளைச் சாய்த்துப் போட்டது. புதுக் கன்று மரமாகப் பல வருடம் பிடிக்கும். பழைய படங்கள் இன்னும் இணையத்தில் சுற்றுகின்றன.

வாடி வீட்டின் பெரிய பலவீனம் நாள் கிடைக்காதது. கணபதிக்கும் ஷிம்காவுக்கும் (ஹோலி) மும்பையிலிருக்கும் சொந்தங்கள் எல்லாம் ஊர் திரும்புகிறார்கள், அறைகள் அவர்களுக்கே போய்விடும். அந்த நாட்களில் அரசு விடுதிதான் கதி.

எம்.டி.டி.சி. (மகாராஷ்டிர அரசின் சுற்றுலாக் கழகம்) ஓய்விடங்கள் கணபதிபுளே, வேள்ணேஷ்வர், ஹரிஹரேஷ்வர், தார்கர்லியில் உண்டு. இடம் என்று பார்த்தால் இவற்றை அடிக்க ஆளில்லை. கணபதிபுளேயில் கடற்கரையும் கோவிலும் நடை தூரம். ரசீது, கேன்சல் விதி எல்லாம் எழுத்தில் இருக்கும், உணவகம் உண்டு, கார் இல்லாதவர்களுக்கும் சரிப்படும்: ரத்னகிரி வரை ரயில், அப்புறம் எஸ்.டி. (அரசு) பஸ்ஸோ ஆட்டோவோ. ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறக்கும், லாங் வீக்கெண்ட் என்றால் அன்றைக்கே போட்டுவிடுங்கள். குறை பராமரிப்பில். உப்புக் காற்றில் ஏ.சி. துருப்பிடிக்கும், சுவர் ஓதம் காக்கும், ஒரே வளாகத்தில் ஒரு அறை பளிச்சென்றும் அடுத்தது பாசியோடும் இருக்கும். சேர்ந்ததும் சாவியை வாங்கிப் பெட்டியை இறக்காமல், குழாயையும் ஏ.சி.யையும் போட்டுப் பார்த்து, வேண்டுமானால் அப்போதே மாற்றுங்கள். அங்காரகச் சதுர்த்தியில் (செவ்வாயில் வரும் சங்கடஹர சதுர்த்தி) கணபதிபுளே பக்கம் போகாதீர்கள், தரிசனமே நோக்கமென்றால் ஒழிய. அங்கே கடல் சட்டென ஆழமாகும், இழுப்பும் அதிகம். கால் நனைப்பதோடு நிறுத்துங்கள். திவேஆகரின் தட்டையான நீண்ட மணல் பிள்ளைகளுக்குத் தேவலை.

வில்லா என்பது அலிபாக், நாகாவ், காஷித் சமாச்சாரம். பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்தால்தான் கட்டுப்படியாகும். டெபாசிட் திரும்பும்போது தகராறு வருவது வழக்கம், ஆகவே நுழைந்ததும் கீறல், உடைசல் எல்லாவற்றையும் வீடியோ எடுத்து உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள். ராத்திரி பத்துக்கு மேல் ஸ்பீக்கர் சட்டப்படி கூடாது. டென்ட் பற்றி ஒரு வரி போதும்: டிசம்பர், ஜனவரி, இளவட்டம், பொதுக் கழிப்பறைக்கு முகம் சுளிக்காதவர்கள்.

விலையை ஒப்பிடும்போது ஆள் கணக்கையும் அறைக் கணக்கையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். உதாரணத்துக்கு, வாடி வீட்டில் சாப்பாட்டோடு தலைக்கு 1,500 என்றால் நான்கு பேருக்கு ஒரு நாள் 6,000. விடுதி அறை 4,000தானே என்று தோன்றும். கூடுதல் படுக்கை இரண்டுக்கு 1,400, சாப்பாடு தலைக்கு 850 வீதம் 3,400 சேர்த்தால் 8,800.

மழைக்காலத்தில் வாடகை இறங்கும். ஆனால் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை இயந்திரப் படகுகளுக்கு மீன்பிடித் தடை என்பதால் தட்டில் வருவது பெரும்பாலும் ஐஸ் மீனோ கழிமுக மீனோதான். சிந்துதுர்க் கோட்டைக்குப் படகும் ஓடாது. மும்பை கேட்வேயிலிருந்து அலிபாக் பக்கத்து மாண்ட்வா போகும் படகுகள் நின்றுவிடும். மும்பை பாவுச்சா தக்கா துறையிலிருந்து காரை ஏற்றிப் போகும் ரோ-ரோ மட்டும் வானிலை பார்த்து ஓடும். ஹரிஹரேஷ்வர் பிரதட்சிணைப் பாதையில் அந்த மாதங்களில் இறங்கவே வேண்டாம். மற்ற மாதங்களிலும் நீர் வடிந்த நேரத்தில் மட்டும்.

பணம் அனுப்பும் முன் ஒன்று. முருட் என்று இரண்டு ஊர் உண்டு: ஜஞ்சிரா கோட்டை இருக்கும் ராய்கட் முருட், தாபோலி பக்கத்து ரத்னகிரி முருட். நடுவே ஃபெர்ரியில் கடக்க வேண்டிய கழிமுகங்களே இரண்டு. அட்வான்ஸ் போடுவதற்கு முன் தாலுகா பெயரைக் கேட்டு, லொகேஷன் பின் வாங்குங்கள்.