விசிட் விசாவா, வேலை விசாவா? காரைக்குடிப் பக்கத்து இளைஞர்களுக்காக ஓர் ஒப்பீடு

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் வட்டாரத்தில் வெளிநாட்டுப் பயணம் புதிதல்ல. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போன நகரத்தார் கடைகளில் பெட்டியடிப் பையனும் (கடைநிலை எடுபிடி) அடுத்தாளும் (முதலாளியின் முகவருக்கு அடுத்த உதவியாள்) மூன்றாண்டுத் தவணைக் கணக்குக்குப் போனார்கள். வேலைக்கு அழைத்துப் போனவர் யார் என்பது புறப்படும் முன்பே வீட்டுக்குத் தெரிந்திருந்தது. இன்று அந்தத் தெளிவைத் தருவது வேலை விசா. அதைத் தராமலே பணம் வாங்குவது, 'விசிட்டில் போ, அங்கே பர்மிட் (வேலை அனுமதி) அடித்துக்கொள்ளலாம்' என்னும் வழி.

செலவிலிருந்து தொடங்கலாம். 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவுபெற்ற முகவர் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் மட்டுமே வாங்கலாம். சில முகவர்கள் இதற்கு மேலும் கேட்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் அங்கே ரசீது கேட்கலாம், புகார் கொடுக்கலாம். விசிட்டில் அனுப்புபவரிடம் நகையை அடகு வைத்துக் கொடுக்கும் பணத்துக்குக் கையெழுத்தே கிடையாது.

வேகத்தில் விசிட் வழிதான் முந்துகிறது. ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களை 30 நாள் வரை விசா இல்லாமல் அனுமதிக்கிறது. பத்தாம் வகுப்புத் தேறாதவரின் ஈ.சி.ஆர். (குடிபெயர்வு அனுமதி தேவை என்னும் வகை) பாஸ்போர்ட்டில் மலேசியா, தாய்லாந்து, வளைகுடா நாடுகள் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகக் குடிபெயர்வு அனுமதி வேண்டும், சுற்றுலாவுக்கு வேண்டாம். அதனால் திருச்சி விமான நிலையத்தில் 'சுற்றிப் பார்க்கப் போகிறேன்' என்று சொல்லச் சொல்லிக் கொடுத்தே ஏற்றிவிடுகிறார்கள். அப்படிச் சொன்ன கணத்திலேயே, வேலைக்குப் போகும் ஈ.சி.ஆர். தொழிலாளிக்குக் கட்டாயமான 10 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடும், பதிவான ஒப்பந்தமும் கைநழுவிவிடுகின்றன. முப்பது நாள் கடந்தபின் சம்பளம் தராத முதலாளிமீது காவல் நிலையத்துக்குப் போக முடியாது. போனால் முதலில் பிடிபடுபவர் தொழிலாளிதான். சிங்கப்பூரில் 90 நாளுக்கு மேல் அனுமதியின்றித் தங்கினால் சிறையோடு பிரம்படியும் உண்டு.

தாய்லாந்தில் 'டேட்டா என்ட்ரி' வேலை என்று வரும் அழைப்பு இதே வழியின் கொடிய வடிவம். அப்படி நம்பிப் போய், எல்லை தாண்டி மியான்மரின் மியாவடிக்குக் கடத்தப்பட்டு, இணைய மோசடி செய்யக் கட்டாயப்படுத்தப்பட்டவர்களில் தமிழர்களும் இருந்தார்கள். 2022இல் அவர்களில் சிலர் மீட்கப்பட்டார்கள். அது ஆள்கடத்தலேயன்றி வேறல்ல.

வேலை விசா வழியில் காத்திருப்பு நீளும். சிங்கப்பூர்க் கட்டுமான வேலை என்றால் ஸ்கில் டெஸ்ட் தேற வேண்டியிருக்கும். அதற்கான பயிற்சிச் செலவு ஏழைக் குடும்பத்துக்குப் பெரிய பாரம், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். இருந்தும், புறப்படுமுன் கைக்கு வரும் ஐ.பி.ஏ. (வேலை அனுமதிக்கான முன் ஒப்புதல்) கடிதத்தில் முதலாளியின் பெயர், மாதச் சம்பளம், பிடித்தம் ஆகியவை தொழிலாளிக்குத் தெரிந்த மொழியிலேயே அச்சாகியிருக்கும். முகவர் வாய்ச்சொல்லில் சொன்ன சம்பளத்தை அந்தக் கடிதத்தில் உள்ள அடிப்படைச் சம்பளத்தோடு வீட்டில் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, ஒத்து வராவிட்டால் டிக்கெட் போடாமலே நின்றுவிடலாம். விசிட்டில் போகிறவருக்கு அந்த வாய்ப்பு ஒருபோதும் கிடைப்பதில்லை.

ஆகவே முன்பணம் கொடுக்கும் முன், முகவரின் பதிவு எண்ணை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் சரிபாருங்கள். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தின் அறிவிப்புகளையும் பாருங்கள். ஏற்கெனவே போய்ச் சிக்கியிருப்பவரின் வீட்டார் கூச்சப்பட்டு மறைக்காமல், வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' (MADAD) என்னும் புகார்த் தளத்தில் உடனே புகாரைப் பதிய வேண்டும்.