மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸா, ரெய்ன் இன் பிளட்டா?

மெட்டல் எனும் கனத்த ராக் இசையைக் கேட்கத் தொடங்கும் சென்னை நண்பர்கள் பலர் தடுமாறுவது இந்த இரண்டில்தான். முதலாவது மெட்டாலிகா குழுவுடையது, இரண்டாவது ஸ்லேயர் குழுவுடையது; இரண்டுமே 1986-இல் வந்த த்ராஷ் (மெட்டலில் அதிவேக வகை) ஆல்பங்கள்.

நீளம்: மெட்டாலிகா 8 பாடல், சுமார் 55 நிமிடம். ஸ்லேயர் 10 பாடல், அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

வேகம்: ஸ்லேயரில் டேவ் லொம்பார்டோவின் டிரம்ஸ் மூச்சுவிட இடம் தராது. மெட்டாலிகா ஏறி இறங்கும். அதிலும் 'ஒரையன்' என்ற பாடல் இருக்கிறதே, குரலே இல்லாத எட்டு நிமிடம்; கிளிஃப் பர்ட்டனின் பேஸ் கிட்டார்தான் அதில் பாடும். அதே ஆண்டு செப்டம்பரில் பேருந்து விபத்தில் அவர் இறந்துபோனதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

பழகுவது: மெட்டாலிகா எளிது, மெட்டு காதில் நிற்கும்.

வேளச்சேரியிலிருந்து கடற்கரை வரை பறக்கும் ரயிலில் போகிறவர்கள், புதிதாகக் கேட்பவர்கள் மெட்டாலிகாவை எடுங்கள். ஜிம்முக்கு ஸ்லேயர்தான் சரி.