கார் ஷெட் கூரைக்கு எது நல்லது: தகடா, தார் ஷீட்டா, ரப்பர் விரிப்பா, பூச்சா?

வீட்டுக்குள் கூரை ஒழுகினால் அன்றைக்கே தெரிந்துவிடும். கட்டிலில் சொட்டும், யாராவது சத்தம் போடுவார்கள், அடுத்த நாளே ஆள் வந்துவிடும். கார் ஷெட்டுக்கு அந்த யோகம் கிடையாது. ஒரு நாளில் ஐந்து நிமிடம் அங்கே நின்றால் அதிகம், அப்போதும் யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. மரச்சட்டம் உளுத்து, மூலையில் அடுக்கிய அட்டைப்பெட்டிகளில் பூஞ்சை பிடித்து, கான்கிரீட்டிலிருந்து இறங்கிய சுண்ணாம்புத் தண்ணீர் பானட்டில் வெள்ளைத் திட்டாகக் காய்ந்த பிறகுதான் விஷயம் புரியும்.

அதனால் இந்தக் கூரைக்குப் பொருள் பார்க்கும்போது நான் முதலில் எண்ணுவது இணைப்புகளையும் ஓட்டைகளையும்தான். உத்தரவாத வருஷம் எல்லாம் அப்புறம். கூரை நடு இடத்தில் ஒழுகுவது அபூர்வம். ஸ்க்ரூ போட்ட இடம், இரண்டு ஷீட் ஒன்றின்மேல் ஒன்று ஏறும் இடம், கூரை சுவரோடு சேரும் மூலை, இந்த மூன்றில் ஒன்றில்தான் தண்ணீர் வழி கண்டுபிடிக்கும்.

ஒரு கார் நிற்கும் ஷெட்டை 3 மீட்டருக்கு 6 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 18 சதுர மீட்டர் கூரை. 50 மி.மீ. மழை பெய்தால் அதன் மேல் விழுவது 900 லிட்டர். அவ்வளவும் விளிம்புக்கு ஓடிப் போக வேண்டும். அதற்கு வாட்டம், அதாவது சரிவு, வேண்டும்.

வாட்டம் தெரியாமல் கடைக்குப் போகாதீர்கள்

பாதித் தேர்வை வாட்டமே முடித்துவிடுகிறது. ஓடு போட நல்ல சரிவு வேண்டும். சின்னத் துண்டுகளாக அடுக்கும் தார் ஷிங்கிள், 12 அடி தூரத்துக்கு 4 அடி ஏறும் 12-க்கு 4 என்ற சரிவில், அதாவது சுமார் 18 டிகிரியில், நிம்மதியாக இருக்கும். 12-க்கு 2 வரை இறங்கலாம், ஆனால் அடியில் இரட்டை விரிப்பு வேண்டும். உலோகத் தகடு அதன் மடிப்பைப் பொறுத்து 5 டிகிரி அளவிலும் சமாளிக்கும். அதற்குக் கீழே போனால், துண்டு துண்டாக ஏற்றி அடுக்கும் எதுவும் சரிப்படாது. மேலே ஒரே பரப்பாக மூடும் விரிப்போ பூச்சோதான்.

மொட்டைத் தளத்துக்கும் வாட்டம் உண்டு. 40-க்கு 1 என்று திட்டமிட்டால், வேலை முடிந்து தளம் சற்றுத் தொய்ந்த பிறகு 80-க்கு 1 ஆவது மிஞ்சும். 3 மீட்டர் அகலத்தில் 40-க்கு 1 என்பது 7.5 செ.மீ. இறக்கம். இந்த ஏழரை சென்டிமீட்டரை மிச்சம் பிடித்துவிட்டு மேலே எவ்வளவு உயர்ந்த பூச்சு அடித்தாலும் குளம் கட்டும். 1 செ.மீ. தண்ணீர் தேங்கினாலே 18 சதுர மீட்டரில் 180 கிலோ. அது எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

சரிவான கூரை: தகடு முன்னால் நிற்கிறது

தகட்டில் இரண்டு வகைதான் பெரும்பாலும் போட்டியில் இருக்கும். ஒன்று, வெறும் துத்தநாகம் பூசிய ஜிஐ. இன்னொன்று, அலுமினியமும் துத்தநாகமும் கலந்து பூசியது. அதன் வழக்கமான கலவையில் 55% அலுமினியம், மீதியில் பெரும்பகுதி துத்தநாகம். சாதாரண வெயில் மழையில் கலவைப் பூச்சு வெகுகாலம் தாங்குகிறது. ஜிஐ-யின் பலம், கீறல் விழுந்த இடத்தில் துத்தநாகம் தன்னை அரிக்கக் கொடுத்து இரும்பைக் காப்பது. ஆனால் கலவைப் பூச்சுக்கு ஒரு பகை உண்டு: ஈரச் சிமென்ட். தகட்டைச் சுவரோடு சேர்த்து அப்படியே சிமென்ட் கலவை வைத்து அடைத்தால், காரம் அலுமினியத்தைத் தின்றுவிடும். அந்த இடத்தில் மடித்த தகட்டுப் பட்டையும் பியூட்டைல் என்ற ஒட்டும் ரப்பர் டேப்பும்தான் சரி.

நம்முடைய கூரைக்கு 1 மீட்டர் பயனகலத் தகடு, அதாவது ஓரம் ஏறுவது போக 1 மீட்டர் மூடும் தகடு, ஆறு வேண்டும். ஒன்றின் ஓரம் அடுத்ததன்மேல் ஏறும் இடம் ஐந்து, மொத்தம் 15 மீட்டர் இணைப்பு. நான்கு குறுக்குச் சட்டங்களில், தகட்டுக்கு வரிசைக்கு நான்கு ஸ்க்ரூ என்றால் 96. நல்ல தகட்டை வாங்கி, அதில் நாமே கிட்டத்தட்ட நூறு ஓட்டை போடுகிறோம்! ஒவ்வொன்றையும் காப்பது ஒரு ரப்பர் வாஷர். வளைவுத் தகட்டில் ஸ்க்ரூ மேட்டில் இறங்க வேண்டும், பள்ளத்தில் தண்ணீர் ஓடும். வாஷர் லேசாகப் பிதுங்கியதும் நிறுத்திவிட வேண்டும். நானே ஒருமுறை "இன்னும் ஒரு சுற்று" என்று முறுக்கி, வாஷர்களைப் பிளந்து வைத்து, அடுத்த மழையில் ஏணியோடு அலைந்திருக்கிறேன்.

தகட்டின் பெரிய குறை ஒழுகல் என்று நினைப்பவர்கள் அதிகம். பல சமயம் அது ஒழுகலே கிடையாது. நனைந்த காரை உள்ளே விட்டுக் கதவை மூடுகிறோம். எஞ்சின் சூட்டில் ஈரம் ஆவியாகி, இரவில் குளிர்ந்த தகட்டின் அடிப்பக்கம் வியர்த்து, விடியற்காலையில் சொட்டுகிறது. மழையே இல்லாத நாளிலும் சொட்டினால் சந்தேகமே வேண்டாம். இதற்கு மேலே எதைப் பூசினாலும் பயனில்லை. அடியில் ஈரம் உறிஞ்சும் துணிப்படலம் ஒட்டிய தகடோ வெப்பத் தடுப்புப் பலகையோ வேண்டும். காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேற வழியும் வேண்டும்.

ஃபைபர் சிமென்ட் ஷீட் இந்த விஷயத்தில் தகட்டை விட நல்லது. ஈரத்தைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், மழைச் சத்தமும் குறைவு. ஆனால் நொறுங்கும், பலகை போடாமல் மேலே கால் வைக்கக்கூடாது. பழைய ஷீட்டில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம் என்று தோன்றினால் அறுப்பது, துளைப்பது, வேகத் தண்ணீரால் கழுவுவது எல்லாம் கூடாது. அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆபத்து. அகற்றுவதை அதற்கான பயிற்சி உள்ளவர்களிடம் விட்டுவிடுங்கள்.

வெளிச்சத்துக்காக நடுவில் ஒரு பாலிகார்பனேட் ஷீட், அதாவது வெளிச்சம் விடும் பிளாஸ்டிக் ஷீட், வைக்க ஆசை வரும். வையுங்கள், ஆனால் ஒரு கணக்கு. வெப்பநிலை 50 டிகிரி மாறினால் 6 மீட்டர் இரும்புத் தகடு மூன்றரை மி.மீ. சொச்சம் நீளும். அதே நீளப் பாலிகார்பனேட் ஏறக்குறைய 20 மி.மீ. நீளும். ஸ்க்ரூவுக்குப் போடும் துளையைப் பெரிதாகப் போடவில்லையென்றால், துளையைச் சுற்றி விரிசல் நிச்சயம்.

தட்டையான மரத்தளம்: தார் ஷீட்டும் ரப்பரும்

எனக்குப் பிடித்த மோதல் இதுதான். ப்ளைவுட் தளத்தின் மேல் தார் ஷீட்டா, ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர் விரிப்பா?

தார் ஷீட்டிலேயே இரண்டு குணம் உண்டு. ஏபிபி என்ற பிளாஸ்டிக் கலந்தது சூட்டில் இளகாமல் நிற்கும். எஸ்பிஎஸ் என்ற செயற்கை ரப்பர் கலந்தது குளிரிலும் ரப்பர் போல வளையும். வெயில் கொளுத்தும் இடத்துக்கு முன்னது, உறைபனி விழும் இடத்துக்குப் பின்னது. இரண்டுக்கும் மேலே தாதுத் துகள் பதித்ததாகப் பாருங்கள். வெயிலிலிருந்து தாரைக் காப்பது அந்தத் துகள்தான். 1 மீட்டர் அகல ரோலை 10 செ.மீ. ஏற்றி விரித்தால் நம் கூரைக்கு நான்கு வரிசை, மூன்று இணைப்பு, மொத்தம் 18 மீட்டர். எல்லாம் சூட்டில் ஒட்ட வேண்டும். சூடு கொடுக்கிறவர் கை எங்கே தளர்ந்ததோ அங்கே வாய் பிளக்கும். ஓரத்தில் உருகிய தார் ஒரு மெல்லிய கோடாகப் பிதுங்கி நின்றால் ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம்.

ஆனால் மரத்தின் மேல் கேஸ் டார்ச்சா? வேண்டாம். இடுக்கில் புகுந்த நெருப்பு மணிக்கணக்கில் புகைந்து, ஆட்கள் போன பிறகு பற்றும். மரத்தளத்துக்குத் தானே ஒட்டும் வகை உண்டு, அதை எடுங்கள்.

ரப்பர் விரிப்பு வேறு ரகம். 15 மீட்டர் அகலம் வரை ஒரே துண்டாகத் தயாரிக்கிறார்கள். நம் கூரைக்கு ஒரே விரிப்பு, இணைப்பு பூஜ்யம். 1.2 மி.மீ. தடிமனில் மொத்த எடை 30 கிலோவுக்குள். தார் ஷீட்டில் 4 மி.மீ. ரோல் ஒன்றே கிட்டத்தட்ட 40 கிலோ. நெருப்பு வேண்டாம், பசையும் உருளையும் போதும். மரம் அசைந்தால் கூடவே இழுபட்டுக் கொடுக்கும். விளிம்பை மடித்து, சுவரில் 15 செ.மீ. ஏற்றி, மேலே பட்டை அடித்தால் வேலை முடிந்தது.

குறை இல்லாமலா? கறுப்பு நிறம், வெயிலில் நன்றாகச் சுடும். கூரான பொருள் விழுந்தால் கிழியும். அப்புறம், எண்ணெயும் பெட்ரோலும் பட்டால் ஊதிப்போகும். ஷெட் கூரையில் பழைய ஆயில் கேனைத் தூக்கிப் போடுகிற வழக்கம் உள்ளவர்கள் கவனிக்க. பழைய தாரின் மேலேயே ரப்பரை ஒட்டுவதும் தப்பு. தாரில் உள்ள எண்ணெய் மெதுவாக ரப்பரைக் கெடுக்கும். பழையதை உரிக்க வேண்டும், இல்லையென்றால் நடுவே பலகை போட வேண்டும். இவ்வளவு சொன்ன பிறகும், மரத்தளம் என்றால் என் ஓட்டு ரப்பருக்குத்தான்.

ஃபைபர் கிளாஸ், அதாவது ரெசினும் கண்ணாடி இழைப் பாயும், மேலே நடமாடும் கூரைக்கு நல்லது. விறைப்பானது, தளம் அசைந்தால் விரிசல் விடும். ஈரத்தில் போடவே முடியாது.

கான்கிரீட் தளம்: பூச்சுகளின் சண்டை

இங்கே கடைக்காரர் மூன்று டப்பா காட்டுவார். அக்ரிலிக் மலிவு, வெள்ளை, வெயிலைத் திருப்பி அனுப்பும். ஆனால் நாள்கணக்கில் தேங்கும் தண்ணீரில் ஊறி உரியும். சிமென்ட்டோடு பாலிமர் கலந்து பூசுவது ஈரத் தளத்திலும் பிடிக்கும். ஆனால் விரிசல் திறந்து மூடினால் கூடவே வராது, மேலே ஒரு பூச்சுத் தளம் போட்டு மூடுவது நல்லது. பாலியூரித்தேன் ரப்பர் போல இழுபடும், தேக்கத்தையும் தாங்கும். அதில் அரோமாடிக் வகை வெயிலில் மஞ்சளாகிச் சுண்ணம் போல உதிரும் என்பதால், மேல் கோட் வெயிலைத் தாங்கும் அலிஃபாடிக் வகையாக இருக்க வேண்டும்.

மூன்றிலும் இணைப்பு கிடையாது. அதற்குப் பதிலாக, தடிமன் முழுக்கப் பூசுகிறவர் கையில் இருக்கிறது. 1 சதுர மீட்டரில் 1 லிட்டர் ஊற்றினால் ஈரத்தில் 1 மி.மீ.; அதில் திடப்பொருள் 60% என்றால் காய்ந்தபின் 0.6 மி.மீ. ஒரு டப்பாவை இழுத்து இழுத்து இரண்டு மடங்கு பரப்பில் அடித்தால் மிஞ்சுவது வெறும் பெயின்ட். பூசுவதற்கு முன் கண்ணாடி போன்ற ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு இரவு முழுக்கத் தளத்தில் ஒட்டி வையுங்கள். காலையில் அடியில் துளி கட்டியிருந்தால் பாலியூரித்தேன் பூசாதீர்கள், கொப்புளம் கிளம்பும்.

வாட்டம் சரியாக இருந்து, மேலே யாரும் நடக்கவில்லையென்றால் கான்கிரீட்டுக்கு நான் பாலியூரித்தேனைச் சொல்வேன். மூலைகளில் கலவையால் சரிவு கட்டி, மேலே இழைத்துணி பதித்த பிறகு. வாட்டமே இல்லாத பழைய தளத்துக்கு முதலில் கொத்தனாரைக் கூப்பிடுங்கள். உள்ளே இருந்து அண்ணாந்து பூசித் தருகிறேன் என்று யாராவது வந்தால், டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். மேலே இறங்கிய தண்ணீர் தளத்துக்குள்ளேயே தேங்கிக் கம்பியை அரிக்கும்.

வேலை முடிந்ததும் பணம் கொடுக்கும் முன்பு சோதனை. கான்கிரீட் என்றால் வடிகுழாயை அடைத்து 2 அல்லது 3 செ.மீ. தண்ணீர் கட்டி 24 மணி நேரம் விடுங்கள். மரத்தளத்தில் அந்த எடையை ஏற்றாதீர்கள். அதற்கும் தகட்டுக்கும் ஹோஸ் பைப் போதும்: தாழ்ந்த விளிம்பில் ஆரம்பித்து, ஒரு இடத்துக்குப் பத்து நிமிடம் விட்டு, மெதுவாக மேலே நகர்த்துங்கள். உள்ளே டார்ச் லைட்டோடு ஒருவர் அண்ணாந்து நிற்க வேண்டும். எந்த நிலையில் பைப் இருந்தபோது முதல் துளி விழுந்ததோ, அதை ஒட்டித்தான் ஓட்டை இருக்கும்.