கூடுப்பெட்டி: ஆறு வருடப் பயன்பாட்டில் தெரிந்துகொண்டது

பறவைகள் கூடு கட்டுவதற்கென்று மாட்டிய முதல் பெட்டியை அழகுக்காகத்தான் வாங்கினேன். சிவப்புக் கூரை, வட்டத் துளை, துளைக்குக் கீழே பறவை உட்கார ஒரு குச்சி. மாட்டிய சில மாதங்களில் ஒரு சிட்டுக்குருவி ஜோடி வந்து பார்த்தது, வைக்கோல்கூடக் கொண்டுவரத் தொடங்கியது. ஒரே வாரத்தில் மைனாக்கள் வந்து அவற்றை விரட்டிவிட்டு உள்ளே குடியேறின. அப்போதுதான் துளையை அளந்து பார்த்தேன்: 50 மி.மீ.

இன்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது துளையைப் பற்றித்தான். சிட்டுக்குருவிக்கு 32 மி.மீ. போதும், அதில் மைனா நுழைய முடியாது. பட்டாணிக்குருவிக்கு 28 மி.மீ. சில மில்லிமீட்டர் கூடினால் வீடே கைமாறிவிடும். அந்தக் குச்சியையும் அறுத்து எடுத்துவிட்டேன். பொந்தில் வாழும் பறவை நகத்தால் மரத்தைப் பற்றிக்கொண்டே நுழைந்துவிடும். குச்சி உதவுவது குஞ்சு தின்ன வரும் காகத்துக்குத்தான்.

மரங்கொத்தியும் குக்குறுவானும் தாங்களே மரத்தைக் குடைந்துகொள்ளும். சிட்டுக்குருவி, மைனா, குண்டுக்கரிச்சான், கொண்டலாத்தி, புள்ளி ஆந்தை இவற்றுக்கெல்லாம் அது முடியாது. மரங்கொத்தியும் குக்குறுவானும் விட்டுப்போன பொந்து, பட்ட மரத்தின் ஓட்டை, சுவர் இடுக்கு என்று கிடைத்ததில்தான் முட்டையிட வேண்டும். பட்ட மரத்தை நாம் ஒரு நாள்கூட நிற்க விடுவதில்லை. பெட்டி தேவைப்படுவதே அதனால்தான்.

இரண்டாவது பெட்டியை நானே செய்தேன். அதில் நடந்த தவறு இன்னும் மனதில் உறுத்துகிறது. மெல்லிய, வழவழப்பான ஒட்டுப்பலகை. மாட்டியதோ மேற்குப் பார்த்த சுவரில். ஒரு நாள் பிற்பகல் மூன்று மணிக்கு நிமிர்ந்து பார்த்தால், துளையில் இரண்டு குஞ்சுகள் வாயைப் பிளந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. உள்ளே மற்றவை பலகையைப் பிராண்டும் சத்தம் கேட்டது. ஏற முயன்று வழுக்கி விழுந்துகொண்டே இருந்தன. கையை வைத்தால் கூரை சுட்டது. அவசரமாக ஒரு பலகையை, கூரைக்கும் அதற்கும் இரண்டு விரல் இடைவெளி விட்டு, மேலே நிழலாகக் கட்டினேன். அரை மணி நேரத்தில் துளையில் இருந்த தலைகள் உள்ளே போயின. அந்த முறை எல்லாக் குஞ்சுகளும் பிழைத்தன.

அதற்குப் பிறகு செய்த பெட்டிகளுக்கெல்லாம் 20 மி.மீ. கனமுள்ள, இழைக்காத பலகைதான். துளைக்குக் கீழே உட்புறத்தில் வரிவரியாகக் கீறிவிடுவேன், அதுதான் குஞ்சுகளுக்கு ஏணி. துளைக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண் ஆழம், கூரைக்குக் கீழே காற்றுக்கு இரண்டு ஓட்டை, தரையின் மூலைகளில் தண்ணீர் வடிய நான்கு ஓட்டை. உள்ளே பெயின்ட் அடிப்பதே இல்லை. மாட்டுவது பிற்பகல் வெயில் படாத, மழைச்சாரல் அடிக்காத பக்கம் பார்த்து.

இன்னொரு விஷயம், திறந்து பார்க்கும் ஆசை. சிட்டுக்குருவிக் குஞ்சுகள் பொரித்து இரண்டு வாரம் வாக்கில் பறந்துவிடும். பன்னிரண்டாம் நாள் நான் மூடியைத் திறந்தேன். இறக்கை முழுதாக வளராத ஒரு குஞ்சு பயந்து வெளியே குதித்துவிட்டது. எடுத்து உள்ளே விட்டு, அது அடங்கும்வரை துளையை ஒரு துணியால் மூடிப் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் பத்து நாள் தாண்டிய கூட்டை நான் தொட்டதில்லை. தாய் தீனியோடு போய் வருவதைத் தூரத்தில் நின்று பார்த்தாலே உள்ளே நிலைமை என்னவென்று தெரிந்துவிடும்.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. குஞ்சுகள் பறந்து, மறுபடி முட்டையிடவில்லை என்று உறுதியானதும் பழைய கூட்டை எடுத்துவிடுவேன். அதில் உண்ணிகள் தங்கிவிடும். ஒருமுறை அப்படி எடுத்தபோது நைலான் நூல் ஒன்று கூட்டுக்குள் சுருக்குப் போட்டதுபோல் கிடந்தது. குஞ்சின் கால் அதில் மாட்டியிருந்தால் அவ்வளவுதான். அன்றிலிருந்து சுற்றுப்புறத்தில் நூல், பட்டக்கயிறு எது கண்ணில் பட்டாலும் பொறுக்கிவிடுகிறேன். எறும்புக்குப் பெட்டி தொங்கும் கம்பியில் கிரீஸ், பூனைக்குக் கம்பத்தின் நடுவே தகரக் கூம்பு. கிரீஸைப் பறவை உட்காரும் இடத்தில் மட்டும் பூசிவிடாதீர்கள், இறகில் ஒட்டினால் போகாது.

இப்போது நான்கு பெட்டிகள் இருக்கின்றன. இரண்டில் வருடம் தவறாமல் சிட்டுக்குருவி. முன்பக்கம் பாதி திறந்தபடி செய்த ஒன்றில் சென்ற வருடம் குண்டுக்கரிச்சான் வந்தது. பெண் மட்டும் அடைகாக்க, ஆண் எதிர்க் கிளையில் இருந்து விடியும் முன்பே பாடும். நான்காவது மூன்று வருடமாகக் காலி. அந்த இடத்தில் ஆள் நடமாட்டம் அதிகம் என்று நினைக்கிறேன். அடுத்த இனப்பெருக்கக் காலத்துக்கு முன்பே அதைப் பின்பக்க மரத்துக்கு மாற்ற வேண்டும்.