14416: பக்கத்தில் நிற்பவரும் அழைக்கலாம்

மாணவியர் விடுதியின் காப்பாளராகவே 14416 என்ற மனநல உதவிச் சேவையை மதிப்பிடுகிறேன். தேர்வு முடிவு வரும் வாரத்தில் எனக்குத் தூக்கம் கிடையாது. அழுகிற பிள்ளையைப் பற்றி அவ்வளவு பயமில்லை. "ஒன்றுமில்லை மேடம்" என்று சிரித்துவிட்டுப் போகிறாளே, அவளைப் பற்றித்தான்.

14416 என்பது மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண். 2022 அக்டோபர் 10, உலக மனநல நாளன்று தொடங்கினார்கள். தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் நடக்கிறது. கட்டணம் கிடையாது, நடுச்சாமத்திலும் அழைக்கலாம். மனம் கலங்கியவர்தான் அழைக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அவருக்குப் பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டு நிற்பவரும் அழைக்கலாம். நான் கண்டவரை இதன் பெரிய பயனே அதுதான்.

நீட் தேர்வை இரண்டாம் முறை எழுதியிருந்த ஒருத்தி சாப்பிட வருவதை நிறுத்தினாள். பிறகு, பிடித்த சுடிதாரையும் கால்குலேட்டரையும் தோழிகளுக்குக் கொடுக்க ஆரம்பித்தாள். அந்தச் செய்தி காதில் விழுந்ததும் அரிசி மூட்டை அடுக்கிய அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு 14416ஐ அழைத்தேன்.

ஆலோசகர் என் பதற்றத்தைத் தணிக்க நேரம் செலவிடவில்லை. "இப்போது அவளுடன் யாராவது இருக்கிறார்களா?" என்பதுதான் முதல் கேள்வி. இருக்கிறார்கள் என்றதும் அடுத்தது: "சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று அவளிடம் நேராகக் கேட்டீர்களா?" கேட்டால் இல்லாத நினைப்பை நாமே விதைத்துவிடுவோமே என்றேன். அப்படி ஆகாது, கேட்க ஒருவர் இருக்கிறார் என்பதே பாரத்தைக் குறைக்கும் என்று பொறுமையாக விளக்கினார். என்ன சொல்லிப் பேச்சைத் தொடங்குவது என்பதை என்னையே சொல்லவைத்துத் திருத்தினார். "அப்பா அம்மாவை நினைத்துப் பார்", "இதெல்லாம் ஒரு விஷயமா" என்ற இரண்டையும் மறந்தும் சொல்லக் கூடாது என்றார். நம் ஊரில் யாரைக் கேட்டாலும் முதலில் வாயில் வருவது இந்த இரண்டுதான்! இரவில் தனியாக விட வேண்டாம், வீட்டாரிடம் பேசப்போவதை அவளுக்குத் தெரிவித்துவிட்டுப் பேசுங்கள், அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள் என்று வரிசையாகச் சொன்னார்.

மறுநாள் அவளே என் போனில் அவர்களிடம் பேசினாள். என்ன பேசினாள் என்று நான் கேட்கவில்லை. பிறகு மருத்துவரிடமும் போனோம்.

இதற்கு முன்பு வேறொரு மாணவிக்காக ஒரு தனியார் ஆலோசனை மையத்தை அணுகியிருந்தேன். பத்து அமர்வுக்கும் முன்பணம் கேட்டார்கள். அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். அடுத்த வாரம்வரை அந்தப் பிள்ளை என்ன செய்வாள் என்பதற்கு வரவேற்பு மேசையில் பதில் இல்லை.

குறை என்றால் போன் வழியாக நடக்கும் எந்தச் சேவைக்கும் உள்ளதுதான். முதல் இரவைத் தாண்ட உதவும், தொடர் சிகிச்சைக்கு நேரில்தான் போக வேண்டும். பல விடுதிகளில் பிள்ளைகளின் கைப்பேசி பீரோவில் பூட்டியிருக்கிறது. சுவரில் எண்ணை ஒட்டிவிட்டுக் கருவியைப் பூட்டி வைப்பதில் என்ன பயன்? எங்கள் விடுதியில் அலுவலகப் போனைக் காரணம் கேட்காமல் கொடுக்கிறோம். பேசுகிறவள் கதவைச் சாத்திக்கொள்ளலாம்.

அரசு எண்ணுக்குத் தயங்குகிறவர்களுக்குச் சென்னையில் 1986 முதல் இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சிநேகா இருக்கிறது: 044-24640050. அங்கே தன்னார்வலர்கள் அறிவுரை சொல்லாமல் கேட்கிறார்கள். என்ன செய்வது என்று வழி தெரியாமல் நிற்கும் ஆசிரியர், காப்பாளர், பெற்றோருக்கு நான் முதலில் சொல்வது 14416. ஐந்துக்கு நாலரை.